வேகப் பிரியர் கண்டுபிடித்த ஸ்பீடு கேமரா: உயிரைக் காக்கவா, கல்லா கட்டவா?

செல்போனில் ஒரு மெசேஜ் வருகிறது. உங்கள் வண்டி எண், தேதி, இடம், போன வேகம், கட்ட வேண்டிய அபராதம் எல்லாம் அதில் இருக்கிறது. படித்ததும் பெரும்பாலானோர் வாயில் வருவது ஒரே புலம்பல்தான்: கவர்மென்ட்டுக்குக் காசு பத்தல, அதான் மூலைக்கு மூலை கேமரா வைக்கிறாங்க.

இந்தப் புலம்பல் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை. பிரிட்டனில் கேமராக்களைக் கொளுத்தியிருக்கிறார்கள். பிரான்ஸில் 2018 இறுதியில் தொடங்கிய மஞ்சள் அங்கி போராட்டத்தின்போது, நாட்டிலிருந்த ஸ்பீடு கேமராக்களில் சுமார் 60 சதவீதம் சேதப்படுத்தப்பட்டதாக அந்நாட்டு உள்துறை அமைச்சரே சொன்னார்.

இத்தனை கோபத்துக்கும் காரணமான கருவியைக் கண்டுபிடித்தவர் போலீஸ்காரர் இல்லை. நிதித்துறை அதிகாரியும் இல்லை. ஒரு கார் ரேஸ் வீரர். அதுவும், இன்னும் வேகமாக ஓட்டணும் என்ற ஆசையில்தான் அவர் இதை உருவாக்கினார். பெயர் மாரிஸ் காட்சோனிடிஸ். அவரது கதை தெரிந்தால், உயிரா வசூலா என்ற கேள்விக்கான பதிலை எங்கே தேடணும் என்பதும் தெரிந்துவிடும்.

யார் இந்த காட்சோனிடிஸ்?

1911 பிப்ரவரி 14 அன்று, அப்போது டச்சு ஆட்சியில் இருந்த ஜாவா தீவின் கோம்போங் என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது இந்தோனேசியா. பிறகு நெதர்லாந்துக்குப் போய், ஹார்லெம் நகரை ஒட்டியுள்ள ஹீம்ஸ்டேடில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். நண்பர்கள் மவுஸ் என்று கூப்பிடுவார்கள். எஞ்சின், சக்கரம், வேகம் இந்த மூன்றும்தான் அவருடைய உலகம்.

1930-களிலேயே மான்டே கார்லோ ராலியில் கலந்துகொள்ளத் தொடங்கிவிட்டார். இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. போர் முடிந்ததும் சொந்தமாகவே கார் தயாரிக்க இறங்கினார். தன் பெயரைச் சுருக்கி அதற்கு காட்சோ என்று பெயர் வைத்தார். வடிவமைப்பு அசத்தலாக இருந்தது, வியாபாரம் மட்டும் ஓடவில்லை. சில கார்களோடு அந்தக் கம்பெனி நொடித்துப்போனது.

கையில் காசு இல்லை, ஆனால் ஓட்டத் தெரியும். மறுபடி பந்தயத்துக்கே திரும்பினார். 1950-ல் ஹம்பர் சூப்பர் ஸ்னைப் என்ற கனமான காரை ஓட்டி மான்டே கார்லோ ராலியில் இரண்டாம் இடம் பிடித்தார். 1953-ல் ஃபோர்டு ஸெஃபிர் காரில், பீட்டர் வொர்லெட்ஜ் என்ற இங்கிலாந்துக்காரரைத் துணையாக வைத்துக்கொண்டு, அதே ராலியில் முதலிடம் வென்றார். அன்றைய ஐரோப்பாவில் அது உலகக் கோப்பை வென்ற மாதிரி.

வேகத்தை அளக்கும் பைத்தியம் எப்படி வந்தது?

அந்தக் கால மான்டே கார்லோ ராலி, யார் முதலில் வருகிறார் என்ற ஓட்டப்பந்தயம் கிடையாது. ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து கிளம்பி, பனிக்காலச் சாலைகளில் நாள்கணக்காக ஓட்டி வரணும். குறித்த சராசரி வேகத்தைப் பிடிக்கணும். 1953-ல் கடைசிக் கட்டமே அப்படி ஒரு சோதனைதான்: மலைப்பாதையில் சொன்ன வேகத்தை மாறாமல் காப்பாற்ற வேண்டும். காட்சோனிடிஸுக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் இருந்தது நொடிக் கணக்குதான்.

யோசித்துப் பாருங்கள். வேகத்துக்குப் பேர்போன மனிதரின் வாழ்நாள் வெற்றி, வேகத்தை அளந்து கட்டுப்படுத்தியதால் கிடைத்தது.

அவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. வளைவில் தான் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறோம் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. காரின் ஸ்பீடோமீட்டரை நம்ப முடியாது. கூட இருப்பவர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்தால் அவர் விரல் அழுத்தும் நேரத்திலேயே பிழை வரும். அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப எளிமையானது. சாலையின் குறுக்கே கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு ரப்பர் குழாய்கள். முதல் குழாயில் சக்கரம் ஏறினால், காற்றழுத்தத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதில் ஏறினால் நின்றுவிடும். தூரம் தெரியும், நேரம் தெரியும். வகுத்தால் வேகம்.

எந்த வளைவில் எத்தனை நொடி வீணாகிறது என்று பார்த்து, அடுத்த முறை இன்னும் வேகமாகத் திரும்புவதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

போலீஸ் கைக்குப் போனது எப்போது?

1958-ல் காட்சோமீட்டர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பந்தய வீரருக்கு உதவிய கருவி போலீஸுக்கும் பயன்படும் என்பது சீக்கிரமே புரிந்தது. அதுவரை வேகமாகப் போனதை நிரூபிப்பது பெரும்பாலும் போலீஸ்காரரின் வார்த்தைக்கும் ஓட்டுநரின் வார்த்தைக்கும் நடுவிலான சண்டை. கடிகாரம் வந்ததும் சண்டைக்கு ஒரு எண் கிடைத்தது.

1960-களில் அதோடு கேமராவும் சேர்ந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டியைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் ரப்பர் குழாயின் இடத்துக்கு ரேடார் வந்தது. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் சத்தம் கீச்சென்றும், கடந்து போனதும் கொஞ்சம் தடித்தும் கேட்கும் இல்லையா? அதே தத்துவம்தான். ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் மாறும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து வேகத்தைச் சொல்லிவிடலாம்.

பிரிட்டனில் 1991-ம் ஆண்டு சட்டம் கேமரா படத்தைச் சாட்சியமாக ஏற்க வழிவிட்டது. அடுத்த ஆண்டு மேற்கு லண்டனின் ட்விக்கன்ஹாம் பாலத்தில் ஸ்பீடு கேமரா செயல்பாட்டுக்கு வந்தது. காட்சோ வகைக் கேமரா அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். சாலையில் வரைந்திருக்கும் வெள்ளைக் கோடுகளை வைத்து, அந்த அரை நொடியில் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனியாகச் சரிபார்க்கலாம். அதாவது ரேடார் தப்பாகச் சொன்னால் படம் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனில் ஸ்பீடு கேமராவுக்கே காட்சோ என்று பெயர் நிலைத்துவிட்டது.

இதில் வேடிக்கை, கண்டுபிடித்தவரே தன் கேமராக்களிடம் பலமுறை மாட்டினார் என்பது. அபராதமும் கட்டியிருக்கிறார். வேகமாக ஓட்டுவது தனக்குப் பிடிக்கும் என்பதை அவர் கடைசி வரை மறைக்கவில்லை. 1998 நவம்பரில், 87 வயதில் காலமானார்.

காசு விவகாரம் எப்போது பெரிதானது?

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில் பிரிட்டன் அரசு ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2000-ல் எட்டுப் பகுதிகளில் சோதனையாகத் தொடங்கியது. உள்ளூர் போலீஸும் நகராட்சியும் சேர்ந்து கேமரா வைக்கலாம்; அதற்கான செலவை அபராதப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்; மிச்சம் மத்திய கருவூலத்துக்கு. கேமராக்கள் மளமளவெனப் பெருகின. கூடவே, வசூலுக்காகத்தான் வைக்கிறார்கள் என்ற சந்தேகமும் பெருகியது.

அரசு இரண்டு விதிகளைப் போட்டது. ஒன்று, பெரிய விபத்துகள் நடந்த வரலாறு உள்ள இடங்களில்தான் கேமரா வைக்கணும். இரண்டு, ஒளிந்து நிற்கக்கூடாது. தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் நிறம் பூசணும்.

பலன் இருந்ததா? நான்கு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2005-ல் வெளியான அறிக்கை, கேமரா வைத்த இடங்களில் இறந்தவர்கள், படுகாயமடைந்தவர்கள் எண்ணிக்கை 42 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் அதே அறிக்கையின் பின்னிணைப்பு ஒரு எச்சரிக்கையும் தந்தது. ஒரு இடத்தில் ஓரிரு ஆண்டுகள் விபத்துகள் தற்செயலாக எகிறியிருந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் பிறகு கொஞ்சம் குறையும். அப்படித் தானாகக் குறைந்ததையும் கேமராவின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

2010-ல் காக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கேமரா உள்ள இடங்களின் அருகே விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்திருந்தன. அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், திசை ஒன்றுதான்: குறைவு.

அபராதத்திலிருந்தே கேமரா செலவை எடுக்கும் ஏற்பாட்டை பிரிட்டன் 2007-ல் கைவிட்டது. கேமரா உயிரைக் காக்கும் என்று அரசின் அறிக்கையே சொன்ன பிறகும், பணம் போகும் வழி அப்படி இருந்ததால் மக்கள் நம்பிக்கை கரைந்துகொண்டே போனது.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. அங்கே இவற்றுக்கு அதிகாரப்பூர்வப் பெயரே சாலைப் பாதுகாப்பு கேமரா. எல்லாக் கேமராக்களும் எல்லா நேரமும் படம் எடுப்பதில்லை. நிறையப் பேரைப் பிடிப்பது அங்கே குறிக்கோள் இல்லை. அந்தச் சாலையில் எல்லோரும் வேகத்தைக் குறைத்தால் போதும்.

அச்சரப்பாக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அச்சரப்பாக்கம் என்ற பெயரே ஒரு வண்டி விபத்திலிருந்து வந்தது என்பது தலபுராணம். திரிபுரத்தை அழிக்கக் கிளம்பிய சிவன், விநாயகரை வணங்காமல் தேரேறியதால் தேரின் அச்சு இற்றுப்போன இடம் இது. அச்சு இறு பாக்கம், அச்சிறுபாக்கம் ஆகி, பேச்சு வழக்கில் அச்சரப்பாக்கம் ஆனது. ஞானசம்பந்தர் பதிகம் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு இந்த ஊரை ஒட்டி ஓடுவது சென்னையையும் தென் மாவட்டங்களையும் இணைக்கும் ஜிஎஸ்டி சாலை. 2022 ஜூலையில் அச்சரப்பாக்கம் அருகே அரசுப் பேருந்தும் லாரியும் மோதியதில் 6 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், திருவண்ணாமலை தீபம் பார்த்துத் திரும்பியவர்கள் வந்த சரக்கு வாகனம் இதே பகுதியில் விபத்தில் சிக்கி இன்னொரு 6 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் வேகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன தவறு எத்தனை உயிரை வாங்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேகம்தான்.

கணக்கு இது. 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடும். முன்னால் போகும் லாரி திடீரென நின்றால், அதைக் கவனித்து உங்கள் கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் ஓடுவது சுமார் 17 மீட்டர். மோதும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-லிருந்து 100-க்குப் போனால் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்து அபாயம் 4 சதவீதம் கூடுகிறது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் பதிவானவை. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அதாவது தினமும் 49 பேர், கிட்டத்தட்ட ஒரு பஸ் நிறைய ஆட்கள்.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, முதல் முறை அதிவேகத்தில் சிக்கினால் அபராதம் 400 ரூபாய் வரைதான். 2019-ல் வந்த திருத்தம் இதை இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் என்று ஏற்றியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

அதே திருத்தத்தில் 136ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. நெடுஞ்சாலைகளிலும் பெரிய நகரங்களிலும் மின்னணுக் கருவி மூலம் கண்காணிக்கச் சொல்லும் பிரிவு அது. இதற்கான விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் வெளியானது. அபராத மெசேஜ் பார்த்துக் கொந்தளிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த விதியைத்தான்:

* ஆபத்து அதிகமான, நெரிசல் அதிகமான வழித்தடங்களில் கருவி வைக்கப்பட வேண்டும்.
* கண்காணிப்பு இருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கைப் பலகை, கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.
* கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.
* விதிமீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். அதில் படம், இடம், நேரம், கருவி அளந்த அளவு எல்லாம் இருக்க வேண்டும்.

இது காகிதத்தில் இருப்பதற்கு ஒரு தமிழ்நாட்டு மருத்துவருக்கும் பங்கு உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2014-ல் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 136ஏ பிரிவைச் செயல்படுத்தும்படி 2024-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதும் அதே வழக்கில்தான்.

அப்போ இது பாதுகாப்பா, வசூலா?

காட்சோனிடிஸின் ரப்பர் குழாய் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அதே குழாய், அதே கடிகாரம். அவர் கையில் இருந்தபோது வேகத்தைக் கூட்ட உதவியது. போலீஸ் கைக்குப் போனதும் குறைக்க உதவியது. கருவிக்கு நோக்கம் கிடையாது. அதை எங்கே, எப்படி வைக்கிறார்கள், அந்தப் பணத்தை யார் எண்ணுகிறார்கள் என்பதில்தான் நோக்கம் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நாலு கேள்வி போதும்.

எங்கே நிற்கிறது? ஊருக்குள் திரும்பும் சந்திப்பு, பள்ளி வாசல், மக்கள் சாலையைக் கடக்கும் இடைவெளி என்றால் அது பாதுகாப்பு. யாருமே கடக்காத நேர் இறக்கத்தில், எல்லோருக்கும் வேகம் தானாகக் கூடும் இடத்தில் நின்றால் சந்தேகப்படலாம்.

தெரியும்படி நிற்கிறதா? போர்டைப் பார்த்து ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால் கேமராவின் வேலை முடிந்தது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றால், அந்த இடத்தை வண்டி அதே வேகத்தில்தான் கடந்து போகும். அபராதம் மட்டும் பிறகு வரும்.

வேக வரம்பு சாலைக்குப் பொருந்துகிறதா? 2023-ல் சென்னையில் பகலில் 40 கி.மீ. வரம்பு என்று கருவிகளை வைத்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு நவம்பரில் இலகுரக வாகனங்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று வரம்புகள் மாற்றப்பட்டன. எல்லோரும் மீறும் வரம்பு யாரையும் காப்பாற்றாது. வசூல் மட்டும் நடக்கும்.

பணம் எங்கே போகிறது? அபராதம் மாநில அரசின் கணக்குக்குப் போகிறது. அது சாலை விளக்காக, தடுப்பாக, சுரங்கப்பாதையாகத் திரும்பி வந்தால் மக்கள் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணக்கை வெளிப்படையாகச் சொன்னாலே பாதிக் கோபம் அடங்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் கேமராவின் வசூல் வருஷத்துக்கு வருஷம் குறையணும். மக்கள் மெதுவாகப் போகப் போக அபராதம் வற்றிப்போகும். அதைப் பார்த்து அதிகாரிகள் சந்தோஷப்பட்டால் நோக்கம் பாதுகாப்பு. வசூல் நிற்கும் இடத்திலிருந்து கேமராவைக் கழற்றி, வசூல் வரும் இடத்துக்கு மாற்றினால் நோக்கம் வேறு.

கேமராவால் முடியாதது என்ன?

இரவில் ரிஃப்ளெக்டர் இல்லாமல் சாலையோரம் நிற்கும் லாரியைக் கேமரா நகர்த்தாது. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்கைத் திருப்பி அனுப்பாது. இன்னொன்று, கேமராவைப் பார்த்ததும் பிரேக் அடித்து, தாண்டியதும் மறுபடி மிதிப்பது உலகம் முழுக்க நடக்கிறது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் சராசரி வேகக் கேமரா. ஓர் இடத்தில் நேரத்தைக் குறித்து, பல கிலோமீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் மறுபடி குறிப்பார்கள். உதாரணத்துக்கு, செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியை ஒரு புள்ளியாகவும், அச்சரப்பாக்கத்தை அடுத்த ஆத்தூர் சுங்கச்சாவடியை இன்னொரு புள்ளியாகவும் வைத்துப் பாருங்கள். நடுவில் எவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்பதே உங்கள் வேகத்தைச் சொல்லிவிடும். காட்சோனிடிஸின் இரண்டு ரப்பர் குழாய்களைப் பல கிலோமீட்டருக்கு இழுத்து விட்ட மாதிரி.

உங்களுக்கு அபராத நோட்டீஸ் வந்தால், கட்டுவதற்கு முன் படம், இடம், நேரம், அளந்த வேகம், 15 நாள் கெடு எல்லாவற்றையும் சரிபாருங்கள். தப்பு என்று தோன்றினால் நீதிமன்றத்தில் எதிர்க்க உரிமை இருக்கிறது. சரியாக இருந்தால் கட்டிவிட்டு, அரசிடம் இன்னொரு கணக்கைக் கேளுங்கள்: அந்தக் கேமரா வருவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அங்கே எத்தனை பேர் இறந்தார்கள், வந்த பிறகு எத்தனை பேர்? வசூல் தொகையை வெளியிடும் அரசு இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வெளியிடட்டும்.